ரெண்டாவது ரிங்ல எடுத்த கம்பெனி

என்னங்க,

சாப்பாடு அடுப்புமேல மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. நான் பட்டன், நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போறேன். வர நேரமாகும். பீரோ சாவி டிவி பின்னாடி.

என் தையல் கடை வெப்சைட்டை நெட்ல வெக்க வாடகை இடம், அதான் அந்த ஹோஸ்டிங், எடுத்தாச்சு. "எதையாவது எடு, என்னைப் போட்டுப் படுத்தாதே"ன்னு ஞாயித்துக்கிழமை கத்துனீங்களே, அதான் நானே முடிவு பண்ணிட்டேன். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு நேத்து உங்களுக்கு நாலு தடவை போன் அடிச்சேன். வேலையில இருந்திருப்பீங்க.

நீங்க குறிச்சுக் கொடுத்த மூணு கம்பெனிக்கும் போன் பண்ணினேன். முதல்ல உள்ளதுல மெஷின்தான் பேசுச்சு, ஒண்ணை அழுத்து, ஒன்பதை அழுத்துன்னு. அடுத்ததுல பாட்டுப் போட்டாங்க. முழுசாக் கேட்டேன், யாரும் வரல. கடைசி கம்பெனியில ரெண்டாவது ரிங்லயே ஒரு பொண்ணு எடுத்தா. "அவசரமே இல்லக்கா, மெதுவா சொல்லுங்க"ன்னா. ஒரு சந்தேகம் கேக்கத்தான் பண்ணினேன், நாற்பது நிமிஷம் பேசியிருக்கேன். நான் தைக்கிற பிளவுஸ் வரைக்கும் விசாரிச்சா.

ஸ்பீடு, இடம் எல்லாம் நீங்க சொன்ன அளவுக்கு இல்லதான். இருந்துட்டுப் போகட்டும். மூணு வருஷத்துக்கு எடுத்துட்டேன்.

திட்டறதா இருந்தா முழிச்சிருந்து நேர்ல திட்டுங்க. இதுக்கும் பதில் சீட்டு எழுதி வைக்காதீங்க.

பி.கு.: பால் பிரிட்ஜ்ல.

இன்னொண்ணு. சைட் நின்னுபோனா கூப்பிட வீட்டுல இன்னொருத்தர் நம்பர் கேட்டாங்க, உங்களுது கொடுத்திருக்கேன். அவங்க கூப்பிட்டாலாவது எடுங்க.