வெள்ளானூர் அக்காவின் வீட்டுக்காரர்

அக்கா,

இன்று காலை ரயிலில் யாரோ டிபன் டப்பாவைத் திறந்தார்கள். அடிப்பிடித்த உப்புமா வாசனை. லேடீஸ் பெட்டியே பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் நீங்கள் உட்காரும் இடத்தைத் திரும்பிப் பார்த்தது. அங்கே வேறொரு பெண் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் தன்னை ஏன் முறைக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை, பாவம்.

நான் நெமிலிச்சேரியில் ஏறி, கைப்பையைப் போட்டு உங்களுக்கு இடம் பிடிப்பேன். ஆவடியில் நீங்கள் ஏறுவீர்கள். தலை நிறையப் பூ, வகிட்டில் குங்குமம். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிடுவீர்கள்.

“எங்கூட்டு ஆளு இன்னா பண்ணிச்சு தெரியுமா? நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள, ரவைன்னு நெனச்சு கோலமாவக் கொட்டி உப்புமா கிண்டிகினு கீது. ‘இன்னாடி இது, எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் வேக மாட்டுதே’ன்னு என்னியவே கேக்குது!”

அவர் வழுக்கைக்கு எண்ணெய் தேய்த்த கதை. தலைமேல் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அதைத் தேடி பீரோவைக் கவிழ்த்த கதை. தொப்பைக்காக பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்ட கதை. பட்டரவாக்கத்தில் தொழிற்பேட்டை வேலைக்கு இறங்கும்வரை சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். “எங்கூட்லயும் இதே கூத்து தாங்க்கா” என்று யாராவது ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

நான் என் வீட்டுக் கதையைச் சொன்னால் மட்டும் ஒருத்தியும் சிரிக்க மாட்டாள். ஏன் என்று உங்களையே கேட்டேன். “நீ திட்டிகினே சொல்றே. கேக்கறவளுக்கு பயமா கீது. அந்த ஆளு பாவம்னு நெனச்சுகினு சொல்லிப் பாரு, தானா சிரிப்பு வரும்” என்றீர்கள். பாவமாவது, அதெல்லாம் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு வாரம் உங்களைக் காணவில்லை. போன் செய்தால் உங்கள் தம்பி எடுத்தார். காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைக்கவில்லை, இன்று மத்தியானம் எடுக்கிறோம் என்றார். நம் பெட்டி ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு வெள்ளானூருக்கு ஆட்டோ பிடித்தேன். சிவப்புப் புடவை, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், பூ எல்லாம் வாங்கித் தட்டில் அடுக்கிக்கொண்டோம். சுமங்கலியாகப் போன மகராசிக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாதென்று ஜெயந்தி வழியெல்லாம் அழுதாள்.

தட்டைப் பார்த்ததும் சாமியானாவுக்குக் கீழே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் உங்கள் தம்பியிடம் போய், “அண்ணன் எங்கங்க?” என்றேன்.

“எந்த அண்ணன்?”

“அக்கா வீட்டுக்காரரு.”

அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். “மாமா கண்ணாலம் ஆன வருஷமே லாரில அடிபட்டு பூட்டாரே. ஒங்களுக்குத் தெரியாதா?”

ஐயோ, அக்கா! மாலை போட்ட அந்தப் படத்தில் ஒரு சின்னப் பையன் இருந்தார். சுருட்டை முடி, அரும்பு மீசை, ஒட்டிய வயிறு. அந்தத் தலையில் எங்கே வழுக்கை விழுந்தது? அந்தக் கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி? ஒரு விதவையின் தலைமாட்டில் குங்குமத்தோடு நிற்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

உங்கள் அம்மாதான் எழுந்து வந்தார். “எம்பொண்ணு ரயில்ல பொட்டும் பூவுமா இருந்தாளா?” என்று மெல்லக் கேட்டார்.

“ஆமாம்மா. தினமும்.”

“ஊட்ல ஒரு நாளும் வெச்சிக்கல. வெச்சி உடும்மா.”

நான்தான் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் இன்னொன்றும் உறைத்தது. கோலமாவு என் வீட்டுக்காரர் செய்த வேலை! இடியாப்பத்துக்கு மாவு பிசைகிறேன் என்று அந்த மனிதர் செய்த கூத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டு உங்களிடம் சொல்லியிருந்தேன். அதை உப்புமாவாக்கி நீங்கள் திருப்பிச் சொன்னபோது, அடையாளமே தெரியாமல் நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். சொல்லச் சொல்ல ஜெயந்தி, “அந்த மூக்குக்கண்ணாடி எங்கூட்டு ஆளோடது” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டு ஆம்பளைகளின் வழுக்கையையும் தொப்பையையும் வாங்கிக்கொண்டு போய், அந்தப் பையனுக்கு வயதாக்கியிருக்கிறீர்கள். எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. எப்படி அக்கா மனசு வந்தது? இன்னும் எனக்கு அந்த அதிர்ச்சி தீரவில்லை.

நீங்கள் போனதை மட்டும் பெட்டியில் சொன்னோம்; அவரைப் பற்றி நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. இன்று உப்புமா வாசனை வந்ததும் ஒருத்தி கேட்டே விட்டாள். “அந்தக்கா ஊட்டுக்காரரு தனியா இன்னா பண்றாரோ, பாவம்?”

ஜெயந்தி என் கையை இறுகப் பிடித்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் அவரும் அங்கேயே செத்துப்போவார்.

“நேத்து போன் பண்ணேன்” என்றேன். “சமையல் கத்துக்கினாராம். ரவையும் கோலமாவும் மாறாம இருக்க, டப்பா மேல பேர் எழுதி ஒட்டிக்கீறாரு. ஒட்டுனவரு, ரெண்டையும் மாத்தி ஒட்டிட்டாரு.”

பெட்டி குலுங்கியது, அக்கா. என் குரலில் திட்டே இல்லை. ஜெயந்தி சிரித்துக்கொண்டே அழுதாள்.

பட்டரவாக்கத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி, “அவரு ஒடம்பு எப்டி கீது?” என்று கத்தினாள். முழங்கால் வலி, படி ஏறத்தான் முடியவில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்.