எல்லாவற்றையும் காய் என்ற பலாபலன்

அடியே, எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க இப்போது பலாப்பழ வாசனை. எதிர்வீட்டு நாய்கூட கேட்டில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறது. காலையில் உன் அம்மா காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "அவ இருந்தா இந்நேரம் தட்டிக்கினு ஒக்காந்திருப்பா. நீயாவது தட்டிப் பாரும்மா," என்றார். தட்டினேன். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய அப்பா, கதவை யார் தட்டுவது என்று எழுந்தே வந்துவிட்டார். லேப்டாப்பில் இருக்கும் நம் பலாபலன் என்ன சொன்னது தெரியுமா? பழமாக இருக்க வாய்ப்பு மூன்று சதவீதம். வீடே மணக்கிறது, இது காயாம்!

ராசிபலனுக்குப் போட்டியாக இருக்கட்டும் என்று அந்தப் பெயரை வைத்தது நான். மூளை முழுக்க உன்னுடையது. போன சீசனில் உங்கள் தோப்பில் ஒவ்வொரு பலாவாகத் தட்டி, சத்தத்தைப் போனில் பதிந்து, பிறகு அறுத்துப் பார்த்து, இது காய், இது பழம் என்று குறித்து லேப்டாப்புக்குக் கொடுத்தோம். காய் 'டக்' என்னும். பழம் 'தொப்' என்னும். நடுவில் இரண்டும்கெட்டான் சத்தங்கள் எத்தனையோ. உனக்குப் பிடித்தவை அவைதான்.

பழமா காயா என்று ஒரே வார்த்தையில் சொல்லும்படி செய் என்று நான் நச்சரித்தேன். நீ விடவில்லை. "தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும்டி. எவ்ளோ தெரியாதுன்னும் சொல்லணும்," என்றாய். அந்த வித்தையை என்மேலும் காட்டினாய். நான் ஹோம்வொர்க் எழுதி வர வாய்ப்பு ஐந்து சதவீதமாம். உன் கணிப்பைக் கெடுக்கவே எழுதிக்கொண்டு வந்தேன். நீ அசராமல் அதைப் பன்னிரண்டாக ஏற்றினாய். கெடுக்கவே முடியாத கணக்குடி அது, எதைச் செய்தாலும் கற்றுக்கொள்ளும்!

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலுக்குத்தான் நாம் எந்தச் சதவீதமும் போட்டு வைக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அட்டையில் உன் பெயர் மேலே, என் பெயர் கீழே. உன் அம்மாவையும் வரச் சொல்லிவிட்டேன். அவர் எதிரில் பழுத்ததைக் காய் என்றால் உன் பெயர் என்ன ஆகும்? பஜாருக்கு ஓடி அங்கிருந்த பழங்களையெல்லாம் தட்டிப் போனில் பதிந்தேன். "வாங்கப் போறியா, வைத்தியம் பாக்கப் போறியா பாப்பா?" என்றார் கடைக்காரர். எல்லாமே காய் என்றது பலாபலன். போன வருஷம் நீ பக்கத்தில் இருந்தவரை ஒன்றுகூடத் தப்பவில்லையே!

மத்தியானம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்டேன். முதலில் காய்கள். டக். டக். பின்னால் அணில், பஸ் ஹார்ன். பிறகு பழங்கள். தொப், அதன் வாலில் ஒரு 'க்ளுக்'. அடுத்ததும் தொப், 'க்ளுக்'. நாற்காலியிலிருந்து குதித்துவிட்டேன். நீ! பழச் சத்தம் பி.டி. சார் தொப்பையைத் தட்டியதுபோல இருக்கிறது என்று முதல் நாள் சொன்னேனே, அன்றிலிருந்து ஒவ்வொரு தொப்புக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாய். இந்தப் பலாபலன் பழத்தையா கற்றது? உன் சிரிப்பைக் கற்றிருக்கிறது! நீ சிரித்தால் பழம். நீ சிரிக்காவிட்டால் ஊரில் ஒன்றும் பழுக்கவில்லை.

அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. எனக்கும் அதன் கணிப்பு சரியென்றுதான் பட்டது. ஆனால் தப்பாகக் கற்ற ஒன்றின் மேல் உன் பெயரைப் போட்டால் நீ சும்மா விடுவாயா? ஒவ்வொரு பதிவையும் தொப் முடிந்த இடத்தில் வெட்டினேன். வெட்டிய சிரிப்புத் துண்டுகளைத் தனி ஃபோல்டரில் சேர்த்தேன். அதன் பெயர் 'சுளை'.

மறுபடி கற்பித்து, உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்டினேன். எழுபத்தெட்டு சதவீதம் பழம்!

"மிச்சம்?" என்றார்.

"அது தனக்குத் தெரியாதுன்னு சொல்லுதும்மா."

"அவளும் இப்டித்தான், எதையும் முழுசா ஒத்துக்க மாட்டா," என்றபடி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தார். உள்ளே பொன் மஞ்சள்.

கண்காட்சியில் போட்டுக்காட்ட அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டேன். தொப். அதன் வாலில் ஒரு 'க்ளுக்'. இந்த முறை நான். அதையும் வெட்டியாக வேண்டும். வெட்டி, சுளையில் உன் பக்கத்தில் வைக்கிறேன்.