வண்டியை ஒப்படைத்த விவரம்

அன்புள்ள அம்மாடிக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை முழுசாக இல்லை. அதனால்தான் முதல் வேலையாக அதைக் கேட்கிறேன்.

வண்டியை நேற்றுக் காலை ஒப்படைத்துவிட்டேன். சாயங்காலம் நீ போனில் கேட்டபோது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். ஹலோவுக்கும் சரிம்மாவுக்கும் நடுவில் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் பெயரில் லீசுக்கு எடுத்த வண்டி, அது எப்படிப் போனது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

ஒப்பந்தம் முடியப்போகிறது, வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்த வாரம், உன் வீட்டுக்காரன் வந்திருந்தான். பார், சொல்லிப் பழகிய வாய் எழுதும்போதும் மாறமாட்டேன் என்கிறது. என் மகன் வந்திருந்தான். "அப்பா, நானே கொண்டுபோய் விட்டுடறேன். அந்த வண்டியையும் குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்றான். "வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. கீழே போய், வண்டிக்குள் கிடந்த அவனுடைய குடையையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டான். எடுத்தவன் உடனே கிளம்பவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். மேலே வந்து சொல்லிக்கொண்டு போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அவ நல்லா இருக்காளாப்பா?" என்று கேட்டான். "இருக்கா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

உங்களுக்குள் என்ன சரியில்லாமல் போனது என்று நான் அன்றும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகும் கேட்கவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். முறிவு எங்கே என்று படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். இதில் எப்படிப் பிடித்துப் பார்த்தாலும் உன் பக்கமும் நியாயம் தெரிகிறது, அவன் பக்கமும் நியாயம் தெரிகிறது. அவன் என் பிள்ளை, அவனை விட்டுக்கொடுக்க முடியாது. உன்னை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை என்பதைத்தான் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததுதான் இரண்டு நாட்களாக ஞாபகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெற்றுவிட்டு, நாற்காலியும் நானுமாக ஜன்னலோரம் கிடந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "எழுந்திருங்க மாமா, இனிமே நீங்க யாரையும் எதிர்பாக்கக் கூடாது" என்றாய். மின்சார வண்டி, அதில் சத்தமே வராது. கிளம்பவில்லை என்று நினைத்து நான் திரும்பத் திரும்பப் பொத்தானை அமுக்கினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "காலை எடுத்தாலே வேகம் குறையும் மாமா, பிரேக்கைத் தேடாதீங்க" என்பாய். எனக்கோ கால் அதையேதான் தேடும். ஒருநாள் அந்தப் பெரிய வளைவில் லாரி ஒன்று பக்கத்தில் வந்தபோது நீ என் தோளைத் தட்டி, "மாமா, மூச்சை விடுங்க" என்றாய். பார்த்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்! "இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரையெல்லாம் மூச்சுப் பிடிக்க வைத்தவனிடம் மூச்சை விடச் சொன்ன முதல் ஆள் நீதான்.

நீ வேலை மாறிப் போகும்போது, அங்கே தங்கும் இடத்தில் சார்ஜ் போட வசதியில்லை, ஒப்பந்தம் முடியும்வரை நீங்களே ஓட்டுங்கள் என்று விட்டுப் போனாய். ஓட்டினேன். அத்தையை மூட்டு வலி டாக்டரிடம் கூட்டிப்போக, கடைக்குப் போக. அதற்கு மேல் எங்களுக்கு எங்கே போக்கிடம்? ஆனாலும் சில நாள் காலையில், வண்டியைச் சும்மா நிறுத்தினால் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுப்பேன். எடுத்தால் அது நேராக உன் பழைய அலுவலகத்துக்குத்தான் போகும். வாசல் காவலாளிக்கு இந்த வண்டி பழக்கம். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவார். தூக்கிவிட்ட மனிதரை ஏமாற்றக் கூடாது என்று உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வருவேன். ஒருநாளும் அவர் ஏன் என்று கேட்டதில்லை.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து அவள் உன் பேச்சையே எடுக்கவில்லை. நீ போன் செய்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், "கடைசியா ஒரு தடவை போய்ட்டு வரலாமா?" என்று அவளாகவே கேட்டாள். வழக்கம்போலப் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவள் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நீ இருந்தவரைக்கும் அது உன் இடம், நீ போன பிறகும் அவள் அதில் உட்கார்ந்ததில்லை. எங்கே போகலாம் என்று கேட்டேன். "நீங்க காலையில போவீங்களே, அங்கேயே போங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாக நான் என்னவோ ரகசியமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகம் விட்டு எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். எதிர்ப்பக்கம் ஓரமாக நிறுத்தினேன். அத்தை கண்ணாடியை இறக்கி அந்தக் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எந்த ஜன்னல்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, நான் வாசலோடு சரி. "மூணாவது மாடியா இருக்கும். அவளுக்கு வெளிச்சம் வேணும்" என்று அவளே முடிவு செய்துகொண்டாள். மூன்றாவது மாடியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகிறவரை இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். மூட்டு வலி எங்கே போனதோ தெரியவில்லை. இருக்கை இடுக்கு, கதவு விளிம்பு, கால் மிதி என்று ஒன்று விடாமல் தேய்த்தாள். "கூலிக்கு ஆள் வச்சுக் கழுவிக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "நாலு பேர் பாக்கப்போற வண்டி. அவ பேர்ல இருக்கு. அழுக்கா போகக் கூடாது" என்றாள். கோபம் என்றா நினைத்தோம் நாம்?

ஒப்படைக்கிற இடம் ஊருக்கு வெளியே, பெரிய கொட்டகை. வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, எல்லாம் யாரோ விட்டுப் போனவை. பரிசோதிக்க வந்தது ஒரு தம்பி. கையில் மெல்லிய உறை, நெற்றியில் விளக்கு. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், குனிந்தான், அடியில் பார்த்தான், கதவில் விரலை வைத்துத் தடவினான். என் தொழிலில் மற்றவர்கள் படம் வருகிறவரை பெஞ்சில் உட்கார்ந்து தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு என்னவென்று நேற்றுத்தான் தெரிந்தது. "சார், புதுசு மாதிரி வச்சிருக்கீங்க. ஒப்பந்தத்துல குடுத்த தூரத்துல பாதிகூட ஓட்டல. லீசுக்கு எடுத்துட்டு யாரு சார் இவ்வளவு கம்மியா ஓட்டுவாங்க?" என்றான். போக வேண்டிய இடமெல்லாம் பக்கத்திலேயே இருந்தது தம்பி என்றேன்.

சார்ஜ் போடும் கேபிளைச் சரிபார்த்தான். பிறகு சாவி கேட்டான். ஒன்றைக் கொடுத்தேன். "இன்னொண்ணு?" என்றான். எனக்கு அந்த இன்னொன்று ஞாபகமே இல்லை. "அப்ப மேடம்கிட்டயே கேட்டுடறேன். நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றான்.

அம்மாடி, வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டேதான் வந்தேன். நம் பாஷையில் பெரியப்பாவுக்குத் தனிச் சொல், சித்தப்பாவுக்குத் தனிச் சொல். போன வருஷம்வரை மாமனாராக இருந்தவனுக்கு ஒரு சொல் இல்லை. "மாமா" என்றேன். "தாய்மாமாவா?" என்றான். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், காது கேட்காத மாதிரி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் உன்னைக் கூப்பிட்டுப் போனை வண்டியின் மேல் வைத்தான். பேச்சு வெளியே கேட்கிற மாதிரி போட்டிருக்கிறான் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. சாவி உன்னிடமே இருக்கிறது, உன் கைப்பையில்தான் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன் என்றாய். வண்டி இங்கே, சாவி அங்கே; ஒரு வருஷமாக அதை ஏன் பையில் சுமந்தாய் என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கமாட்டேன். பிறகு அவன், "வண்டியை விட வந்திருக்கறவர் உங்களுக்கு என்ன வேணும் மேடம்?" என்றான். பின்னால் யாரோ நடந்துபோகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அவர் எங்க அப்பா" என்றாய்.

தம்பி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சார், நீங்க மாமான்னீங்க, அவங்க அப்பாங்கறாங்க. எதை சார் எழுதறது?" என்றான். "ரெண்டும்தான் தம்பி, உனக்கு எது வசதியோ எழுதிக்கோ" என்றேன். அவன் என்ன புரிந்துகொண்டானோ, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

உன் அப்பாவை நான் பார்த்ததில்லை. நீ பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறாய். அந்தச் சொல்லை அதற்கப்புறம் நீ யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். நேற்று, வேலை நடுவில், விளக்கம் சொல்ல நேரமில்லாமல், காரியம் முடிந்தால் போதும் என்று சொல்லியிருக்கலாம். அப்படியே இருந்தாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்போதும்போல மாமா என்றே கூப்பிடு. நான் கேட்டதைக் கேட்டுவிட்டேன், அது போதும்.

திரும்பி வர பஸ் பிடித்தேன். ஓட்டுநருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. அவர் வேகத்தைக் குறைக்கிறபோதெல்லாம் என் கால் தரையிலிருந்து தானாக எழும்பியது. பக்கத்தில் இருந்தவர் நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்து இரண்டு தரம் ஒதுங்கி வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் கீழே, நம் வண்டி நிற்கிற இடத்தில், குடியிருப்பின் செயலாளர் அத்தையோடு பேசிக்கொண்டிருந்தார். வண்டிதான் போய்விட்டதே, மூன்றாம் மாடிக்காரருக்கு இரண்டாவது கார் வருகிறது, இந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க முடியுமா, சுவரில் உள்ள சார்ஜ் பெட்டியையும் கழற்றிவிடலாம் என்று நயமாகத்தான் கேட்டார். அத்தை, "இடம் காலியா இல்லை" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். தரையும் சுவரும்தான் இருந்தன. "இல்ல மாமி, காலியாத்தானே..." என்று இழுத்தார். "காலியா இல்லைன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். பாவம் அந்த மனிதர், விளக்கம் கேட்டு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே தைரியம்? நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

அங்கே உள்ள கம்பெனிக் கிளையில் நீ புது வண்டிக்குச் சொல்லியிருப்பதாக அந்தத் தம்பி பேச்சுவாக்கில் சொன்னான். அப்படியானால் தங்கும் இடத்தில் வசதி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. சந்தோஷம். புது வண்டி என்று வேகமாகப் போகாதே. மழை நாளில் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டு எடு. உன் ஊரிலிருந்து இங்கே ஒரே சார்ஜில் வந்து சேர முடியாதாம், நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு வாடகைக் கார் ஓட்டுநரிடம் சும்மா கேட்டேன். நெடுஞ்சாலையில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஓர் ஓட்டல் இருக்கிறதாம், அங்கே நாலு பெட்டி வைத்திருக்கிறார்களாம், காத்திருக்கிற நேரத்தில் ஒரு காப்பி குடிக்கலாம், பெண்கள் தனியாக நிற்கவும் பயமில்லாத இடம் என்றார்.

வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், வருவதற்குத் தயக்கமும் இருக்கும். இந்தப் பக்கம் எப்போதாவது வேலையாக வர நேர்ந்தால், சார்ஜ் போட இடம் தேடி அலையாதே, அதற்குத்தான் எழுதுகிறேன். சுவரில் பெட்டி அப்படியே இருக்கிறது. நேற்றிரவே அத்தை அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாள், தூசி படியக் கூடாதாம்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, தாயே. நிறைவாக இரு. கிளம்பினால், எந்த நேரமானாலும், ஒரு போன் செய். நான் கீழே வந்து நிற்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா