நீ முதுகு காட்டி உட்கார்ந்த படம்

உன் வீட்டிலிருந்து எடுத்துவந்த படம் இன்னும் என் காரின் பின்சீட்டில்தான் கிடக்கிறது. பழைய போர்வையில் சுற்றி உன் மனைவி கொடுத்தது. ஃப்ரீவேயில் லேன் மாறும்போதெல்லாம் சரிந்து கதவில் இடிக்கிறது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிடுகிறது.

டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் நீ வீடு வாங்கியபோது, கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் குத்துவிளக்கும் பிள்ளையாருமாக வந்தார்கள். நான் மட்டும் மியூசியக் கடையில் வாங்கிய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஸ்பெயின் ஓவியர் ஒருவர் அந்தக் காலத்தில் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படத்தின் நகல். கறுப்பும் சாம்பலுமாக ஒரு காளை, அதன் தலைமேல் குறுக்காக ஒரு மனிதன். "உங்க ஊர்க்காரன் ஒருத்தன் ஸ்பெயினுக்குப் போய் மாடு அணைஞ்சிருக்கான் பாரு" என்றேன். கோயம்புத்தூர்க்காரன் நான், ஜல்லிக்கட்டை டிவியில் மட்டுமே பார்த்தவன். நீ படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "நல்லா இருக்குடா" என்று சொல்லி, அப்போதே ஹாலில் ஆணி அடித்து மாட்டினாய்.

அதன்பிறகு எத்தனை பொங்கல். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் உன் வீட்டு பாட்லக்குக்குப் புதிதாக யார் வந்தாலும் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "இவன் மதுரைக்காரன், மாடுன்னா உயிர்" என்று ஆரம்பித்துவிடுவேன். நீ சிரித்துக்கொண்டே சாம்பார் எடுத்துவரப் போவாய். சாப்பிடும்போது படத்துக்கு முதுகு காட்டியிருக்கும் நாற்காலிதான் உனக்கு. விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறாய் என நினைத்தேன். ஒருநாள் போன் பண்ணாமல் வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. "பெயின்ட் பண்ணப்போறோம்டா" என்றாய். அடுத்த முறை படம் திரும்ப வந்திருந்தது, சுவர் பழைய நிறத்திலேயே இருந்தது. அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மாரடைப்பில் நீ போன பிறகு, வீட்டை விற்கப்போகிறார்கள் என்று சாமான் கட்ட உதவிக்குப் போனேன். உன் மகள் க்ளோசெட்டுக்குள்ளிருந்து படத்தை எடுத்துவந்தாள். "இந்த மாடு அணையற படம் நான் வாங்கிக் கொடுத்ததும்மா" என்றேன் பெருமையாக. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அங்கிள், ஹீ இஸ் டெட். லுக் அட் த ஹார்ன்."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். அந்த மனிதன் கொம்பில் குத்துப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான். காளை நின்றது மைதானத்தில் இல்லை, தடுப்பைத் தாண்டிவந்து பார்வையாளர்கள் உட்காரும் இடத்தில். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடுகிறார்கள். நானே வாங்கிய படத்தை அன்றுதான் பார்த்தேன்.

உன் மனைவி பெட்டிக்கு டேப் ஒட்டுவதை நிறுத்தினாள். "இவரோட அண்ணன் இப்படித்தாண்ணே போனாரு. மாடு பிடிக்கக்கூட இல்ல, சும்மா வேடிக்கை பாக்கப் போனவரு. இவரு பக்கத்துலயே நின்னாராம். நீங்க வர்றீங்கன்னா இத எடுத்து மாட்டுவாரு, நீங்க கெளம்புனதும் கழட்டி உள்ள வச்சிருவாரு. சொல்லிர வேண்டியதுதானேன்னு கேட்டா, 'ஆசையா வாங்கிட்டு வந்தான், தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான்'னு சொல்லிருவாரு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் அண்ணன் செத்த விதத்தை உன் வீட்டுச் சுவரிலேயே மாட்டவைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து வடை தின்றுகொண்டு வீரம் பேசியிருக்கிறேன். நீ என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். படம் உடைந்துவிட்டது என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் அதைக் கையில் எடுத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று சாயங்காலம் என் வீட்டு ஹாலில் ஆணி அடிக்கப்போகிறேன். சாப்பாட்டு மேசையில் படத்தைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலி இனி எனக்கு. யாராவது "ஜல்லிக்கட்டா?" என்று கேட்டால், கொம்பில் இருப்பவர் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று சொல்வேன். பக்கத்தில் நின்ற தம்பியைப் பற்றியும் சொல்வேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகும் படம் அங்கேயேதான் இருக்கும்.