படத்தில் இருப்பது என் கை

மே 14, வியாழன்

கச்சான் காற்று. எவ்வளவு கூட்டினாலும் வாசலெல்லாம் மணல். முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலம், முந்திரிகை எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நான் செய்து விற்கும் வட்டிலப்பத்துக்கு ஓர் ஓடரும் இல்லை! போன வருடம் இந்த நேரம் மூச்சுவிட நேரமிருக்கவில்லை.

தம்பி நிப்ராஸுக்கு அழைத்தேன். பேஸ்புக் பக்கமும் ஓடர் நம்பரும் அவனிடம்தானே.

"ஒண்டும் வரல்ல ராத்தா. சனம் செலவழிக்கப் பயப்புடுது."

கலியாணம் முடித்து சவளக்கடைக்குப் பெண் வீட்டோடு போன நாள் முதல் இதே பல்லவி.

மே 15, வெள்ளி

ஜும்ஆ முடிந்த பிறகு பக்கத்து வீட்டு ராத்தா வந்தார்.

"என்னகா, இந்த முற வட்டிலப்பம் ஒரே இனிப்பு. ஏலம் மணக்கவே இல்ல."

நான் ஒரு வாரமாக அடுப்பில் ஏற்றவே இல்லை. பெட்டியைக் காட்டினார். எங்கள் ஸ்டிக்கர்தான்.

"ஒங்கட தம்பிதானே கொண்டு வந்து தந்த?"

சமைப்பது அவன் பெண்சாதி ஷிபா. வேறு யார்?

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நாலு வருடப் படங்கள். முகம் காட்டக்கூடாதென்று எல்லாவற்றிலும் என் கை மட்டும். மணிக்கட்டில் சுட்ட தழும்பு. அதைக் காட்டி விற்கிறார்கள்.

மே 16, சனி

நிப்ராஸை அழைத்துக் கேட்டேன். ஷிபா போனை வாங்கிக்கொண்டாள்.

"ஊடு வளவெல்லாம் ஒங்களுக்குத்தானே ராத்தா. இவர் வெறுங்கையோட வந்தவர். பேஜாச்சும் எங்களுக்கு இரிக்கட்டுமே."

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு, ஆண் போவது மனைவி வீட்டுக்கு. அது நான் போட்ட சட்டமா?

உம்மா: "தம்பியோட கொழுவாத. ஊர் சிரிக்கும்."

"பொம்புளப் புள்ளட நம்பரயா ஊருக்குக் குடுக்குற? தம்பிர நம்பரப் போடு" என்று பக்கம் தொடங்கிய அன்று சொன்னதும் இதே உம்மாதான். தலையாட்டிய மடச்சி நான்.

முட்டையில் மூன்று அழுகல்.

மே 18, திங்கள்

காற்று இன்னும் நிற்கவில்லை. என் பெயரில், என் நம்பரில் புதுப் பக்கம் திறந்தேன். என் கை இருக்கும் பழைய படம் ஒன்றைப் போட்டேன். உம்மா என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

லுஹர் தொழுகைக்கு முன் முதல் கொமன்ட். யாரோ தெரியாத பெண்.

"இது மத்தப் பேஜ்ட படம். களவெடுத்துப் போட வெக்கமில்லயா?"

அதற்கு ஒரேயொரு லைக். நிப்ராஸ்.