மேபல் உட்கார்ந்த வரி

ஜனவரி 14, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து மூடி மெத்தைக்கடியிலேயே வைத்துவிடுங்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். எங்கள் கணினி ஆசிரியர் லிண்ட்க்விஸ்ட் சாரிடம் காட்டவே காட்டாதீர்கள்.

பனி நாளில் பள்ளிப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாகும் என்று சொல்லும் என் கணினி நிரலுக்குப் பள்ளியில் முதல் பரிசு. 25ஆம் தேதி மாவட்டப் போட்டி. அந்த நிரலில் முக்கால்வாசி நான் எழுதியது இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற வெண்டல் கூம்ப்ஸ் எழுதி, இணையத்தில் எல்லோருக்கும் வைத்தது. உச்சியில் மூன்றே வரி: "எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், விற்றாலும் சரி. என் பெயருள்ள இந்த மூன்று வரியை மட்டும் அழிக்காதீர்கள்."

அந்த மூன்றைத்தான் அழித்தேன்.

ஜனவரி 15

எடுத்தது தப்பில்லை, அவரே கொடுக்கிறார். பிறகு ஏன் அழித்தேன்? அவர் பெயர் இருந்தால் நான் சின்னதாகத் தெரிவேன் என்றா?

ஜனவரி 16

அவர் நிரலை முழுதாக மறுபடி படித்தேன். நான் இருபது வரியில் இழுப்பதை மனிதர் நான்கில் முடிக்கிறார். சிக்கலான இடத்தில் அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு: "இங்கே வழுக்கும், மெதுவாகப் போங்கள்." இன்னோர் இடத்தில்: "இந்தக் கணக்கு என்னுடையது அல்ல. யாருடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள், பெயர் போடுகிறேன்."

முகம் தெரியாத ஒருவருக்குக்கூட இடம் விட்டு வைத்திருக்கிறார். நான்?

ஜனவரி 17

சார் கூப்பிட்டார். "ஆனிக்கா, நடுவுல ஒரு குறிப்பு இருக்கே. 'மேபல் கீபோர்டு மேல உக்காந்ததுக்கு அப்புறம்தான் இந்த வரி ஓடுது, யாரும் தொடாதீங்க'ன்னு. யாரு மேபல்?"

அதை அழிக்க மறந்திருக்கிறேன். வாய் தானாகச் சொன்னது: "எங்க வீட்டுப் பூனை, சார்."

"அப்போ அதுக்கும் பரிசுல பங்கு உண்டு. போட்டோ ஒண்ணு கொண்டு வா, நடுவருங்க சொக்கிப் போயிடுவாங்க."

எங்கள் வீட்டில் பூனை இல்லை. பூனை முடி பட்டாலே அப்பாவுக்கு மூச்சுத் திணறும்.

ஜனவரி 19

வெண்டலுக்கு எழுதிவிட்டேன். எல்லாவற்றையும். என் நிரலையும் சேர்த்து அனுப்பினேன்.

ஜனவரி 20

பதில் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 21

வந்துவிட்டது. "பேரை எடுத்தது வலிச்சுதும்மா, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாலத்துக்குத் தனியா கணக்குப் போட்டிருக்கே பாரு. பாலம் ரோட்டுக்கு முன்னாடியே உறைஞ்சிடும்னு வண்டி ஓட்டற எனக்குத் தெரியும், நிரல்ல வைக்கத் தோணல. அதை நான் எடுத்துக்கலாமா? என் பேருக்குக் கீழே உன் பேரைப் போடறேன்."

என்னிடம் கேட்கிறார். கேட்காமல் எடுத்தவளிடம்.

கூடவே மேபலின் படம். ஒரு காது மடங்கிய சாம்பல் பூனை. இதைச் சாரிடம் கொடுத்தால் போதும் — யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 22

மூன்று வரியும் உச்சிக்குத் திரும்பிவிட்டன. நான்காவதாக: "பாலத்துக் கணக்கு — ஆனிக்கா லாஹ்டி." ஒரே ஒரு வரிதான். ஆனால் என்னுடையது.

சாருக்கு அனுப்பிவிட்டேன், படத்தோடு: "இது மேபல். வெண்டல் கூம்ப்ஸ் வீட்டுப் பூனை. நான் பொய் சொன்னேன்." போட்டிக்கு அனுப்புவாரோ மாட்டாரோ. ஆனாலும் ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

கீழே போன். அப்பா பேசுகிறார். "பூனையா? எங்க வீட்லயா?" "சரி சார், நானே கேக்கறேன்."

படி ஏறி வருகிறார். தட்டுகிறார். "ஆனிக்கா, யாரும்மா அந்த மேப—