எப்போதாவது ஓட்ட ஒரு சைக்கிள்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். என்னால் அதில் பின்பாதியை மட்டும்தான் எழுத முடிகிறது. நலமறிய ஆவல். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தொண்டைவலி என்றாயே, விட்டதா?

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். நம் வீடோ ஒற்றை அறை. போனில் நான் எதைச் சொன்னாலும் அப்பா காதில் விழும். அதனால் தையல் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீளம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகள் மேஜை மேல் குவிந்து கிடக்கின்றன. கிடக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் சைக்கிள் வாங்கியாகிவிட்டது. எந்தச் சைக்கிள் என்று விழிக்காதே. போன தடவை கிளம்பும்போது, டாக்சிக்குக் கொடுத்தே கை காலியாகிவிட்டது, மலிவாக ஒரு மடக்கு சைக்கிள் இருந்தால் வரும்போது எப்போதாவது ஓட்டிக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். நீ படி இறங்குவதற்குள் மறந்திருப்பாய். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், சைக்கிள்காரர்களைத் திட்டாமல் ஒரு நாளும் வேலையிலிருந்து வீடு திரும்பியதில்லை. இப்போது தெருவில் ஒரு சைக்கிள் போனால் நின்று பார்க்கிறார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அந்த ரகசியம் உனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

என் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கும் இடத்தை அளந்தார். நடைவழியில் சாமான் வைத்தால் நம் காவலாளி ஒரு வாரத்துக்குப் பேசுவாரே, அதனால் வீட்டுக்குள்தான் நிறுத்த வேண்டும், அதற்குத்தான் மடக்குகிற வண்டி. ஜன்னலோரம் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தார். இப்போது அந்த இடத்தில் வேறொரு சாமான் நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எதிர் வீட்டம்மாவுக்குத் தெரிந்தவர் பழைய மடக்கு சைக்கிள் ஒன்றைப் பாதி விலைக்கு விற்கிறார் என்று போய்ப் பார்த்தோம். பளபளவென்று இருந்தது. அப்பா அப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு என்னவோ உறுத்தியது. நடுவில் மடங்கும் இடத்தை நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் உரிந்து வந்தது. உள்ளே உடைந்ததை ஒட்டவைத்து மேலே பூசியிருந்தார்கள். துணியில் கிழிசலை மறைப்பவள் நான், என் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

அடுத்தது ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள பெரிய கடை. யாருக்கு, எவ்வளவு ஓட்டுவார் என்று கடைக்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, மகனுக்கு, தினமும் ஓட்டுவான் என்றார். அவ்வளவுதான், கடைக்காரர் உச்சியில் தொங்குகிறதையெல்லாம் இறக்கினார். அலுமினியமாம், ஒரு விரலால் தூக்கலாமாம், கண் சிமிட்டுவதற்குள் மடங்குமாம், கியர் வேறு. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அப்பாவோ மழையில் நனையலாமா, பிரேக் எத்தனை வருஷம் வரும் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வழியெல்லாம் அவரைப் பிடிபிடி என்று பிடித்தேன். இல்லாத பொய்யைச் சொல்லித் தலையில் மிளகாய் அரைக்க நாமே இடம் கொடுப்பதா என்றேன். பஸ் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், “வருஷத்துல பத்து நாள்தான் வருவான்னு முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட என் வாயால சொல்லணுமா?” என்றார். நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததையும் விட்டுவிட்டோம். நேரம் தவறாத மனுஷன், அன்றைக்கு அந்தக் கம்பியை விட்டு நகரவே இல்லை.

பிறகு நானே வேறொரு கடையை விசாரித்து வைத்தேன். ஒரு பெண்மணி நடத்துகிறார், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். எவ்வளவு ஓட்டுவார் என்று அவரும் கேட்டார். எப்போதாவதுதான், மகன் தூரத்தில் இருக்கிறான் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் அப்பா அந்தப் பக்கம் போய் மணிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். ரொம்பச் சின்னச் சக்கரம் வைத்தது பைக்குள் அடங்கும், ஆனால் குண்டும் குழியுமான தெருவில் எலும்பைக் கழற்றிவிடும் என்றார். உன் உயரத்தைச் சொன்னேன், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டார். இருபது அங்குலச் சக்கரம்தான் உனக்கு. அலுமினியம் வேண்டாம், இரும்பே போதும், லிஃப்ட் இருக்கும்போது கொஞ்சம் கனத்தால் என்ன? தூக்கிப் பார்த்தேன், என் பழைய தையல் மெஷினின் தலைப்பாகம் அளவுதான் இருந்தது. கியரும் வேண்டாம் என்றார். பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கப்போகிற வண்டி, பாகங்கள் குறைவாக இருந்தால் துருவும் குறைவு, மாதம் ஒருமுறை காற்று மட்டும் அடித்து வையுங்கள் என்றார். அப்பா மணி அடிப்பதை நிறுத்தியிருந்தார்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று சொன்னார். அப்பா என்னைக் கைகாட்டினார். இந்த வயசில் எனக்கு இது தேவையா? கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். முதலில் சுவரைப் பார்த்துப் போனது, நான்தான் சுவரிடம் மன்னிப்புக் கேட்காத குறை. இரண்டாவது சுற்றில் பிடிபட்டுவிட்டது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, மணி அடி, மணி அடி என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதற்காகவே இன்னொரு சுற்றுப் போனேன்.

அந்தச் சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இடப்பக்கப் பெடலில் இருக்கும் கீறல் என் வேலை, மன்னித்துக்கொள். கடைக்கார அம்மாதான் கார் பிடித்து ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தார். சைக்கிள் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா வர இரண்டு வாரம் ஆனது.

ஜன்னலோரம் நிற்பது ஆக்சிஜன் மெஷின். சைக்கிளை மடக்கி என் தையல் மேஜைக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

போனில் அவர் சொல்வது போல அது சளி இல்லை. நுரையீரல். பல மாதமாகவே இருந்திருக்கிறது, நாங்கள்தான் பஸ் புகைக்குப் பழகிய தொண்டை என்று அசட்டையாக இருந்துவிட்டோம். டாக்டருக்கு உன் வயசுதான் இருக்கும். என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொன்னார். என் மகன் அடுத்த வருஷம் வருகிறான் என்றேன். “அதுக்கு முன்னாடியே வரச் சொல்லுங்கம்மா” என்றார்.

நீ கூப்பிடும் நேரம் அவருக்குத் தெரியும். அதற்கு முன்பே மூக்கிலிருக்கும் குழாயைக் கழற்றிவிடுவார், மெஷினை நிறுத்தச் சொல்வார், வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். உன்னிடம் நாலு வார்த்தை கேலி பேசுவார். அப்பா குரல் தெளிவாக இருக்கிறதே என்று நீ சந்தோஷப்படுவாய். போனை என்னிடம் கொடுத்த பிறகு சாயங்காலம் வரை அவரால் பேச முடியாது. அவர் பக்கத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, நான் உன்னிடம் பருப்பு விலையைப் பேசிக்கொண்டிருப்பேன். இனி என்னால் முடியாது, கண்ணு.

உன் குடியிருப்புக் காகிதம் கைக்கு வரும்வரை உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இந்தக் கடைசிக் கட்டத்தில் நாட்டை விட்டு வந்தால் இத்தனை வருஷம் காத்திருந்தது வீணாகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீ சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். சத்தியத்தை மீறியதற்கு அவர் என்னைத் திட்டட்டும். திட்டுவதற்குத் தெம்பு இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

மத்தியானம் தூங்கி எழுந்ததும் சைக்கிளைக் கேட்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைப்பேன். படுத்தபடியே நடுவிலுள்ள பூட்டைத் திறப்பார், மூடுவார். புது வண்டி, பூட்டு இறுக்கமாக இருக்கிறது, அவன் வந்ததும் திணறக் கூடாது, பழக்கி வைக்கிறேன் என்பார். முன்பெல்லாம் ஒரே கையால் செய்வார். இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் அழுத்திக் கொடுப்பேன். அதற்குமேல் நிற்க முடியாமல் நடைவழிக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். எதிர் வீட்டம்மாவோடு வம்பளக்கப் போனாயா என்று கேலி செய்வார். ஆமாம் என்பேன்.

சைக்கிள் வாங்கியதைப் பற்றி உனக்கு எழுதப்போகிறேன் என்று காலையில் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. தன் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொன்னார். அவசரப்பட வேண்டாம், வேலையையெல்லாம் முடித்துக்கொண்டு மெதுவாக வா, வண்டி எங்கேயும் போய்விடாது என்று எழுதச் சொன்னார். சொன்னபடியே எழுதிவிட்டேன். வண்டி எங்கேயும் போகாது, வாஸ்தவம்தான்.

உன் காகிதம் நல்லபடியாகக் கைக்கு வரட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். வர முடியவில்லை என்றால் இந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டோம். ஆனாலும் வா, ராசா. போனில் இந்தப் பேச்சை எடுக்காதே, அழாதே. திடீரென்று லீவு கிடைத்தது, சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறேன் என்று மட்டும் சொல். அப்பா நம்பிவிடுவார்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா